ஒரே பெயர், வேறு வேறு நோய்: துல்லிய மருத்துவம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மூலக்கூறு நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். புற்றுநோய்த் திசுவில் மரபணு மாற்றங்களைத் தேடுவது எங்கள் வேலை. அறிக்கை வாங்க வருகிறவர்கள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைப்பதற்குள் ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். பெரும்பாலும் அது மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்வியாக இருக்கும். அவற்றோடு, புதிய மருந்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று மாணவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

துல்லிய மருத்துவம் என்றால் என்ன?

நோயின் பெயரை மட்டும் பார்த்து மருந்து எழுதாமல், இந்த நோயாளியின் உடலில் இந்த நோயை எது நடத்துகிறது என்று கண்டுபிடித்து, அதற்குரிய மருந்தைக் கொடுப்பது.

நுரையீரல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அது இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு கெட்டதால் வந்திருக்கும். இன்னொருவருக்கு ஏ.எல்.கே., வேறொருவருக்கு கே.ராஸ். நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். இறப்புச் சான்றிதழிலும் ஒரே பெயர்தான் எழுதப்படும். ஆனால் மூன்றும் மூன்று நோய்கள், மருந்தும் மூன்று.

அப்படியென்றால் எனக்கென்றே தனியாக மருந்து தயாரிப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. மருந்து ஏற்கெனவே இருக்கும். அது யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதைத்தான் சோதனை சொல்கிறது. ஒரே ஓர் ஆளுக்காகச் செய்யப்பட்ட மருந்துகளும் உண்டு. அவை அபூர்வம். பின்னால் சொல்கிறேன்.

நம் வைத்தியர்கள் காலங்காலமாக ஆளைப் பார்த்துத்தானே மருந்து கொடுத்தார்கள்? இதில் என்ன புதுமை?

ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பது பழைய அறிவுதான். நவீன மருத்துவத்திலும் அது புதிதல்ல. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடித்த பிறகு, பொருத்தம் பார்த்து ரத்தம் ஏற்றுவது மெல்ல வழக்கமானது. அதுவும் துல்லிய மருத்துவம்தான்.

இப்போது புதிதாக வந்திருப்பது, அந்த வேறுபாட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கும் திறன். மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்துகளை முதன்முறை படித்து முடிக்க 1990 முதல் 2003 வரை ஆனது. செலவு ஏறத்தாழ 270 கோடி டாலர். இன்று ஒருவருடைய முழுத் தொகுதியையும் ஆயிரம் டாலருக்குக் குறைவாகச் சில நாட்களில் படித்துவிடலாம். முன்பெல்லாம் மருந்து கேட்டால் 'கைராசி டாக்டர்' என்று சொல்லிவிட்டுப் போவோம். அது ஏன் கேட்டது என்று இப்போது பல நோய்களில் பார்த்துச் சொல்ல முடிகிறது.

இதில் முதல் பெரிய வெற்றி எது?

என்னைக் கேட்டால் இமாட்டினிப் மாத்திரை. ட்ராஸ்டுஸுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து அதற்கு முன்பே, 1998-இல், அனுமதி பெற்றுவிட்டது. அதையும் 'ஹெர்-2' புரதம் மிகுந்திருப்பவர்களுக்கு மட்டுமே கொடுப்பார்கள். ஆனாலும் ஒரு நோயின் வேரைக் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதை இமாட்டினிப் அளவுக்குத் தெளிவாகக் காட்டியது வேறெதுவும் இல்லை.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடச் சிறிதாக இருப்பதைக் கண்டார்கள். அந்தத் துண்டு எங்கே போனது என்று பதின்மூன்று ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரவ்லி என்ற மருத்துவர், குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1973-இல் அவர்தான் விடையைச் சொன்னார்: 22-ஆம் குரோமோசோமின் துண்டு காணாமல் போகவில்லை, 9-ஆவதோடு இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டிய இடத்தில், பிரிந்திருக்க வேண்டிய இரண்டு மரபணுக்கள் சேர்ந்து 'பி.சி.ஆர்-ஏ.பி.எல்.' என்ற புது மரபணுவாகிவிடுகின்றன. அது உண்டாக்கும் புரதம், நிறுத்த முடியாத மோட்டார் போல, ரத்த செல்லைப் 'பெருகு, பெருகு' என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் மருந்து நிறுவனத்தில் இருந்த நிக்கலஸ் லைடன் குழுவினர் அந்தப் புரதத்தின் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் பிரையன் ட்ரூக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுபோக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 1998 ஜூனில் முதல் நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அந்த முதல் கட்டச் சோதனையில், நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

அதற்கு முன் இந்த நோய்க்கு இருந்தவை, காய்ச்சலும் உடல்வலியும் தரும் இன்டர்ஃபெரான் ஊசியும், ஒத்த கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றும்தான். இமாட்டினிப் வந்த பிறகு, ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது 89 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். அதிலும் முக்கியமானது, அவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். சின்னக் குரோமோசோமைப் பார்த்ததிலிருந்து முதல் நோயாளி வரை 38 ஆண்டுகள். முதல் நோயாளியிலிருந்து அனுமதி வரை மூன்றே ஆண்டுகள். காரணம் தெரிந்துவிட்டால் மருந்து விரைந்து வருகிறது.

புதிய மருந்து கண்டுபிடிப்பதில் இது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது?

மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கும் மருந்துகளில் பத்தில் ஒன்பது, கடைக்கு வராமலே போய்விடுகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி தோற்பது மருந்து வேலை செய்யாததால். எலியிடம் சரியாக இருந்த இலக்கு மனிதனிடம் தவறாகிவிடுகிறது. இங்கேதான் மரபணு கைகொடுக்கிறது. மனித மரபணுச் சான்று இருக்கும் இலக்குகளைக் குறிவைத்த மருந்துகள் வெற்றி பெறும் வாய்ப்பு மற்றவற்றைவிட 2.6 மடங்கு அதிகம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கொழுப்பைக் குறைக்கும் மருந்து ஒன்று. 2003-இல் பிரான்சில், இளம் வயதிலேயே கெட்ட கொழுப்பு மிகுந்திருந்த சில குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு மிகையாக வேலை செய்வதைக் கண்டார்கள். அப்படியானால் அது வேலை செய்யாதவர்களுக்கு? அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் இருவரும் அத்தகையவர்களைத் தேடினார்கள். அந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருந்த கறுப்பினத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதயநாள நோய் வரும் அபாயமோ 88 சதவீதம் குறைவு. மற்றபடி அவர்கள் நலமாகவே இருந்தார்கள்.

எந்த ஆய்வகமும் நடத்த முடியாத சோதனையை இயற்கையே நடத்தி முடித்து வைத்திருந்தது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுத்தால் இதயம் காக்கப்படும், வேறு கேடு பெரிதாக வராது என்று மருந்து செய்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 2015-இல் அந்தப் புரதத்தை முடக்கும் ஊசிகள் வந்தன. மரபணு மருத்துவம் என்றால் நோயாளிகளைப் படிப்பது என்று நினைக்கிறோம். நோய் வராதவர்களைப் படிப்பதும் அதே அளவு பயன் தரும்.

சோதனை நடத்தும் முறையும் மாறியிருக்கிறது. லரோட்ரெக்டினிப் என்ற மருந்தை உறுப்பைப் பார்க்காமல் என்.டி.ஆர்.கே. மரபணு மாற்றத்தை மட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். 17 வகைப் புற்றுநோய், நான்கு மாதக் குழந்தையிலிருந்து 76 வயது முதியவர் வரை, மொத்தமே 55 பேர். அவர்களில் 75 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. 2018-இல் அனுமதி. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் நடத்தும் பழைய பாணியில் போயிருந்தால், இவ்வளவு அரிதான மாற்றத்துக்கு மருந்தே வந்திருக்காது.

ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவது ஏன்?

இதற்கு ஜெஃபிட்டினிப் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நுரையீரல் புற்றுநோய்க்கான மாத்திரை இது. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது பத்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஆனால் சுருங்கியவர்களுக்கு வியக்கத்தக்க அளவில் சுருங்கியது. 2004-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: அவர்களுடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் ஒரு மாற்றம் இருந்தது. அதே ஆண்டு, யாருக்கு அந்த மாற்றம் இருக்கிறது என்று பார்க்காமல் நடத்திய ஒரு பெரிய சோதனை, இந்த மருந்தால் ஆயுள் நீளவில்லை என்று முடிந்தது. மருந்து ஏறக்குறைய மூட்டை கட்டப்பட்டது.

பிறகு கிழக்காசியாவில் 1,217 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2009-இல் வந்தது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களில் 71.2 சதவீதம் பேருக்கு மாத்திரையால் கட்டி சுருங்கியது, கீமோவால் 47.3 சதவீதம் பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களில் மாத்திரையால் சுருங்கியது வெறும் 1.1 சதவீதம் பேருக்கு, கீமோவால் 23.5 சதவீதம் பேருக்கு.

இந்த நான்கு எண்களை நான் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மாணவருக்கும் எழுதிக் காட்டுவேன். எல்லாரையும் கலந்து சராசரி எடுத்தால், 'பரவாயில்லை ரகம்' என்று ஒரு மருந்து தெரியும். உண்மையில் அது ஒரு கூட்டத்துக்கு அருமருந்து, மறு கூட்டத்துக்கு நேரத்தைத் தின்னும் வெற்று மாத்திரை. சோதிக்காமல் அதை எழுதிக் கொடுப்பது, மாற்றம் இல்லாதவரிடமிருந்து கீமோ கிடைத்திருக்க வேண்டிய மாதங்களைப் பறிப்பது. சோதனைச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் குடும்பங்களிடம் இதைத்தான் கெஞ்சிச் சொல்கிறேன்.

பயாப்ஸி எடுத்தாகிவிட்டது. பிறகும் 'பிளாக்' கொண்டு வரச் சொல்கிறார்களே, அது எதற்கு?

ஊசி வழியாக எடுக்கும் திசு பெரும்பாலும் ஓர் அரிசியைவிட மெல்லியதாக இருக்கும். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை நீக்கி, மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். அதுதான் பிளாக். நாங்கள் அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பொருத்தி, நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவுகிறோம். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சீவல் வெந்நீர்த் தொட்டியில் பாலாடை போல மிதக்கும், கண்ணாடி ஸ்லைடால் அதை ஏந்தி எடுக்க வேண்டும். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுசெல்கள் உள்ள பகுதியைப் பேனாவால் வட்டமிடுவார். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்டி டி.என்.ஏ. எடுப்போம்.

திசு ஃபார்மலினில் பல நாள் கிடந்திருந்தால் டி.என்.ஏ. நொறுங்கிப்போயிருக்கும். புற்றுசெல் போதுமான அளவு இல்லாவிட்டால் அறிக்கையில் 'முடிவு கூற இயலவில்லை' என்று எழுத நேரிடும். அந்த வரியைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலையில் மிகக் கசப்பான நேரம்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அம்மாவின் பிளாக்கை மாத்திரைக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மூன்று இடங்களில் ஏற்கெனவே சீவி எடுத்திருந்தார்கள். மெழுகின் நடுவில் திசு ஒரு கீற்றாகத்தான் மிஞ்சியிருந்தது. கருவியில் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவியதில் எட்டுச் சீவல் தேறியது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது. அறிக்கையைக் கையில் வாங்கியவர், "மாத்திரையா, ஊசியா?" என்று மட்டும் கேட்டார். "டாக்டர்தான் சொல்ல வேண்டும் சார். பெரும்பாலும் மாத்திரைதான்" என்றேன். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் எழவே இல்லை.

மரபணுவில் கோளாறு என்றால் பிள்ளைகளுக்கும் வருமா? பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். கட்டியில் காணப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டிக்குள் மட்டும், வாழ்நாளின் நடுவில் உண்டானவை. மேலே சொன்ன பி.சி.ஆர்-ஏ.பி.எல். அப்படிப்பட்டது, இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும் அநேகமாக எப்போதும் அப்படித்தான். பெற்றோரிடமிருந்து வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை.

விதிவிலக்கு உண்டு. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களில் பிறவியிலேயே பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது போய்ச்சேரும் வாய்ப்பு ஐம்பது சதவீதம். இது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தை உயர்த்தும். மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள். தெரிந்திருந்தால் முன்கூட்டியே கண்காணிக்கலாம். பிழையே சிகிச்சைக்கு வழியும் காட்டுகிறது: பி.ஆர்.சி.ஏ. கெட்ட செல்லால் உடைந்த டி.என்.ஏ.வைச் சரியாகத் தைக்க முடியாது. மிச்சமிருக்கும் ஒரு தையல் வழியையும் அடைத்தால் அது செத்துவிடும். 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் காட்டின. 2014-இல் ஓலாபரிப் மாத்திரை வந்தது.

மருந்து நன்றாகக் கேட்டது. ஓராண்டு கழித்து நோய் திரும்பிவிட்டதே, ஏன்?

கட்டிக்குள் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. அவற்றில் மருந்துக்கு மசியாத ஒன்றிரண்டு தப்பிப் பெருகுகின்றன. ஜெஃபிட்டினிப் போன்ற மருந்துகளுக்குப் பிறகு நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம், அதே இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் டி790எம் என்ற புதிய மாற்றம். பூட்டின் துவாரம் சற்றே நெளிந்து சாவி நுழையாமல் போவது போல. அந்த நெளிவுக்கென்று செய்த சாவிதான் 2015-இல் வந்த ஓசிமெர்டினிப். நல்ல பலன் தந்ததால் இப்போது அதைத் தொடக்கத்திலேயே கொடுக்கிறார்கள். அதையும் மீறும் மாற்றங்கள் வந்திருக்கின்றன, அவற்றுக்கான ஆய்வும் நடக்கிறது.

எனவே நோய் திரும்பினால் மறுபடியும் சோதிக்கச் சொல்வார்கள். முதல் அறிக்கை வீண் என்று நினைக்க வேண்டாம். சில சமயம் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.வைக் கொண்டே சோதித்துவிடலாம், மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

புற்றுநோய்க்கு மட்டும்தானா? சர்க்கரை நோய்க்கு?

நம் ஊரில் பரவலாக இருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இன்னும் பெரிதாக உதவவில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கை வைக்கும் நோய் அது. சாப்பாடும் உழைப்பும் வேறு சேர்ந்துகொள்கின்றன.

ஆனால் பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் குழந்தைகள் கதை வேறு. அவர்களில் பலருக்கு ஒற்றை மரபணுவில் பிழை. இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழுவினர் 2004-இல் கே.சி.என்.ஜே.11 மரபணுவைக் கண்டார்கள். அந்தப் பிழை இருந்தால் கணையத்தில் இன்சுலின் இருக்கும், வெளியேற்றும் கதவு மட்டும் திறக்காது. அந்தக் கதவைத் திறக்கும் மாத்திரை பல ஆண்டுகளாகவே மருந்துக்கடையில் இருந்தது: சல்ஃபனைல்யூரியா, மலிவானது. 2006-இல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய குழந்தைகளுக்கு மரபணுச் சோதனை செய்துவருகிறது. ஒவ்வொரு நாளும் பிஞ்சுத் தொடையில் ஊசி குத்திய தாய்க்கு இந்த ஒரு சோதனை என்னவாக இருந்திருக்கும்!

மருந்தின் பக்கவிளைவையும் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

சில மருந்துகளுக்கு முடியும். இதற்கென ஒரு தனித் துறையே இருக்கிறது. மருந்து புதிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தென்னிந்தியாவிலேயே ஒரு முக்கியமான எடுத்துக்காட்டு இருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்த சக்சினைல்கோலின் என்ற ஊசி போடுவார்கள். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும், சில நிமிடங்களில் தசை பழைய நிலைக்கு வரும். ஆரிய வைசிய சமூகத்தில் அந்த நொதி மிகக் குறைவாக உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு இந்த ஊசி மணிக்கணக்கில் நீடிக்கும், அதுவரை வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அடையாளம் கண்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பின் மூச்சுத் திரும்பத் தாமதமாகியிருந்தால், அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாற்று ஊசிகள் இருக்கின்றன.

வலிப்பு நோய்க்கான கார்பமாசெபின் மாத்திரை சிலருக்குத் தோலையே உரித்துவிடும். உயிரும் போகலாம். 2004-இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பிறகு 4,877 பேருக்கு மருந்து தொடங்கும் முன்பே சோதனை செய்து, அந்த வகை உள்ள 7.7 சதவீதம் பேருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட அந்தத் தோல் நோய் வரவில்லை. இப்படி ஒரு பூஜ்யத்தை மருத்துவத்தில் அடிக்கடி பார்க்க முடியாது.

வெளிநாட்டில் கண்டுபிடித்தது நமக்கும் பொருந்தாதா? நம் மக்களின் மரபணுவை ஏன் தனியாகப் படிக்க வேண்டும்?

பொருந்துவது நிறைய உண்டு. பொருந்தாததும் உண்டு. அது எது என்று நம்மைப் படித்தால்தான் தெரியும். உலகில் நடக்கும் மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2018-இல் கணக்கிட்டார்கள். மேலே சொன்ன நொதிக் குறைபாட்டை லண்டனிலும் பாஸ்டனிலும் தேடிக்கொண்டிருந்தால் எப்போது கண்டிருப்போம்?

இன்னொன்று: எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இதயத் தசை பலவீனமாகும் அபாயத்தை அது உயர்த்துகிறது. ஐரோப்பியர்களிடம் இல்லை. 2009-இல் இதை வெளியிட்ட குழுவை ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணியும் முன்னின்று நடத்தினார்கள். கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும் ஒரு மாற்றம் இவ்வளவு பரவலானது என்று அதுவரை தெரியாமலே இருந்தது, நம் பக்கம் அதிகம் பார்க்காததால்.

2020-இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டம் 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து முடித்திருக்கிறது. தரவு ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கமும் சாதிக்குள் மணமுடிக்கும் வழக்கமும் உள்ள நாட்டுக்குப் பத்தாயிரம் என்பது தொடக்கம்தான். நாம் அந்தப் புத்தகத்தில் இல்லையென்றால், நமக்கான மருந்தும் அதிலிருந்து வராது.

ஒரே ஓர் ஆளுக்காக மருந்து செய்ததாகச் சொன்னீர்களே?

இரண்டு முறை நடந்ததைச் சொல்கிறேன். பாஸ்டனில் மூளை சிதையும் பேட்டன் நோயோடு வந்த ஒரு சிறுமிக்கு, அவளிடம் மட்டுமே இருந்த பிழையைப் பார்த்து, டிமதி யூ குழுவினர் ஏறத்தாழ ஓராண்டில் மருந்து செய்து 2018-இல் கொடுக்கத் தொடங்கினார்கள். அவள் பெயரையே வைத்து அதற்கு மிலாசென் என்று பெயரிட்டார்கள். வலிப்புகள் குறைந்தன. நோய் அதற்குள் முற்றியிருந்ததால் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

2025-இல் பிலடெல்பியாவில் ஓர் ஆண் குழந்தை. உடலில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரலால் நீக்க முடியாத பிறவிக் கோளாறு. ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு ஆகியோரின் குழு, அந்த ஒரே எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணுத் திருத்த மருந்தை ஆறே மாதத்தில் செய்து ஏற்றியது. குழந்தை கூடுதலாகப் புரதம் உண்ண முடிந்தது, மருந்துகளின் அளவு குறைந்தது, வீட்டுக்கும் போனது. அந்தக் கோளாற்றோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் பச்சிளம் வயதிலேயே இறந்துவிடுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

இதெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே?

கோபத்தோடு கேட்கப்படும் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிக்கிள் செல் ரத்தசோகைக்கான மரபணுத் திருத்த சிகிச்சைக்கு 2023 இறுதியில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த நோயின் மரபணு இருப்பது 1952-லேயே பதிவாகிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் தீர்வு வந்தபோது அது அவர்கள் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

ஆனால் விலை என்பது விதி அல்ல. இமாட்டினிப் இந்தியாவில் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விற்றது. நம் நிறுவனங்கள் செய்த அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். காப்புரிமை கேட்டு, இமாட்டினிப்பை விற்ற சுவிஸ் நிறுவனமான நோவார்டிஸ் நடத்திய வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பழைய மூலக்கூறின் வடிவத்தை மாற்றினால் மட்டும் போதாது, குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும் என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. அந்த ஒரு பிரிவால் இன்று உயிரோடு இருப்பவர்கள் என் ஆய்வக வரிசையில் நிற்கிறார்கள்.

இங்கேயே செய்வதும் தொடங்கிவிட்டது. நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு செல்களை எடுத்து மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சையை ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற அதன் விலை வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இன்னும் ஏழைக்கு எட்டாதுதான். வேலூர் சி.எம்.சி.யில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, கண்காணித்த காலம் முழுவதும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 இறுதியில் அறிவித்தார்கள்.

எல்லாப் புற்றுநோயாளிகளுக்கும் இதனால் பயன் உண்டா?

இல்லை. அமெரிக்காவில் 2018 நிலவரப்படி, மரபணுவைக் குறிவைக்கும் மருந்துகளால் பயன் பெறக்கூடிய புற்றுநோயாளிகள் 4.9 சதவீதம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2006-இல் அது 0.7 ஆக இருந்தது. அதற்குப் பிறகு மருந்துகள் பெருகியிருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக மருந்தே செய்ய முடியாது என்று கைவிடப்பட்டிருந்த கே.ராஸ் மரபணுவுக்கும் 2021-இல் முதல் மருந்து வந்துவிட்டது. ஆனாலும் நூற்றுக்கணக்கான மரபணுக்களைச் சோதித்து, பொருந்தும் மருந்து எதுவும் இல்லை என்ற அறிக்கையோடு திரும்புகிறவர்கள் நிறைய. நகையை அடகு வைத்து அந்தச் சோதனை செய்யலாமா என்று கேட்பவர்களிடம், "இந்த முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா? மாறும் மருந்து இங்கே கிடைக்குமா? டாக்டரிடம் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்" என்பேன். மாறாது என்றால் காத்திருக்கலாம். சில புற்றுநோய்களில் நான்கைந்து மரபணுக்களைப் பார்க்கும் சிறிய சோதனையே போதும்.

எச்சில் அனுப்பினால் என்னென்ன நோய் வரும் என்று சொல்கிறார்களே, செய்யலாமா?

மருத்துவர் காரணம் சொல்லிக் கேட்டால் ஒழிய வேண்டாம். அதில் வரும் முடிவை விளக்க ஆள் இல்லாமல் பயந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மரபணு உங்களுடையது மட்டுமல்ல, உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகளுடையதும்கூட. யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள்.

பிளாக்கை நாங்களே எடுத்து வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பயாப்ஸி செய்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தால் பிளாக்கைத் தருவார்கள். நோயியல் அறிக்கையின் நகலையும் சேர்த்து வாங்குங்கள். பிளாக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் அறிக்கையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே, கவுண்டரை விட்டு நகருவதற்கு முன் பாருங்கள். சோதனை முடிந்ததும் மிச்சத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள், இரண்டு ஆண்டு கழித்துத் தேவைப்படலாம். குளிர்பெட்டி வேண்டாம், வீட்டில் நிழலான இடம் போதும். வரும் வழியில் மட்டும் வெயிலில் நிற்கும் காரிலோ பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழேயோ வைத்துவிடாதீர்கள். மெழுகு இளகிவிடும்.